வண்டியின் விலையும் வரியின் நீதியும்

புத்தூர்ச் சந்தியில் நின்று நோக்கும் எவருக்கும் ஓர் உண்மை விரைவிற் புலப்படும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதி இவ்வூரை ஊடறுத்துச் செல்கின்றது. கிழக்கே மீசாலைக்கும் மேற்கே சுன்னாகத்துக்கும் வீதிகள் பிரிகின்றன. புகையிரதப் பாதை இவ்வூரைத் தொட்டதில்லை. 1990 இல் துண்டிக்கப்பட்ட வடக்கின் புகையிரதச் சேவை 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 இல் காங்கேசன்துறைக்கும் மீண்டபோதும், சுன்னாகம்வரை வேறொரு வாகனத்திற் சென்றாலன்றி அதன் பயன் புத்தூரவர்க்குக் கிட்டுவதில்லை. ஆகவே, வெங்காயமும் மரவள்ளியும் சந்தைக்குப் போவதாயினும், சென்ற் லூக்ஸ் மருத்துவமனையிலிருந்து மேலதிகச் சிகிச்சைக்காக நோயாளி ஒருவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதாயினும், மாணவர் திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்தை அடைவதாயினும், வீதியும் அதில் ஓடும் வாகனமுமே கதி. இத்தகையதோர் ஊரிலே வாகனத்தின் விலை செல்வந்தரின் ஆடம்பரம் பற்றிய செய்தியாக நின்றுவிடுவதில்லை. அரிசியின் விலையைப் போன்று அதுவும் ஒவ்வொரு வீட்டின் அடுப்பையும் சென்று தொடுகின்றது.

இவ்வாகன விலையைப் பற்றி இரு கூற்றுகள் பெருவழக்காய் நிலவுகின்றன. நல்லூர்த் திருவிழாக் காலத்திலே விடுமுறைக்கு ஊர் திரும்பும் புலம்பெயர்ந்த உறவினர் சொல்வது ஒன்று: “அங்கே சில மாதச் சம்பளத்தில் ஒரு காரை வாங்கிவிடலாம், இங்கே ஒரு காரின் விலைக்கு ஒரு வீடு கட்டலாம், வரியெல்லாம் கொள்ளை.” திறைசேரியின் குரலாய்க் காலந்தோறும் ஒலிப்பது மற்றையது: “கார் ஓர் ஆடம்பரப் பொருள், வாங்க வல்லவர் வரி செலுத்துதல் முறையே.” முதலாவது கூற்று அரைவாசி உண்மை. இரண்டாவது, உண்மையின் உடை தரித்த ஏய்ப்பு. வாகனத்துக்கு வரி விதித்தல் தவறன்று. உலகின் பல நாடுகள் இலங்கையைப் போன்றே கடுமையாக விதித்துள்ளன. அவ்வரிக்குக் கைம்மாறாக எது தரப்படுகின்றது, அதைச் செலுத்தாது தப்புவோர் யாவர் என்ற இரு வினாக்களாலேயே வரியின் நீதி அளக்கப்படல் வேண்டும். இவ்விரு வினாக்களுக்கும் இலங்கை அரசிடம் மறுமொழி இல்லை என்பதே இவ்விடயத்தின் உள்ளுறை.

உலக நாடுகளை நோக்குமிடத்து, வாகனம் உடையவரிடமிருந்து மூன்று இடங்களிற் பணம் பெறப்படுவதைக் காணலாம். வண்டியை வாங்கும்போது பெறப்படுவது முதலாவது. அதனை வாசல் வரி எனலாம். வண்டியை வைத்திருப்பதற்காக ஆண்டுதோறும் பெறப்படுவது இரண்டாவது; பதிவு, பரிசோதனை, காப்புறுதி முதலியன இதன்பாற்படும். வண்டியை ஓட்டும்போது எரிபொருள்மீதும் வீதிமீதும் பெறப்படுவது மூன்றாவது. ஒரு நாட்டில் கார் மலிவு என்றும் மற்றொரு நாட்டில் விலையேற்றம் என்றும் கூறுவோர் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே கணக்கிற் கொள்கின்றனர். மூன்றையும் கூட்டிப் பார்த்தாலன்றி உண்மை விலை தெரியவராது.

பிரித்தானியாவை எடுத்துக்கொள்ளலாம். அங்கு கார் வாங்குவோர் பெறுமதி சேர் வரியாக 20 வீதம் செலுத்துகின்றனர். கார்களுக்கென இருந்த தனிக் கொள்வனவு வரி 1992 இல் நீக்கப்பட்டது. வாசல் வரி இவ்வாறு இலேசானதாயினும், அதனைக் கடந்தபின் செலவு தொடர்கின்றது. ஆண்டுதோறும் வீதிவரி உண்டு. மூன்று ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு. இளம் சாரதிகளின் காப்புறுதிக் கட்டணம் பழைய வண்டியொன்றின் விலையையே எட்டுவதுண்டு. எரிபொருள் தீர்வை 2022 மார்ச்சிலே குறைக்கப்பட்ட பின்னரும் லீற்றருக்கு 52.95 பென்சாக இருந்தது. அத்தீர்வையின்மீதும் பெறுமதி சேர் வரி ஏறியது. மத்திய இலண்டனுக்குள் வண்டியோடு நுழைவதற்கே 2003 முதல் தனிக் கட்டணம் அறவிடப்படுகின்றது. எனவே இலண்டனிலிருந்து வரும் உறவினர் காரின் விலையைச் சொல்லும்போது, அவர் சொல்லாது விடும் செலவே பெரிது. ஊரில் அதனைக் கேட்டுப் பெருமூச்சு விடுவோர் பாதிக் கணக்கைக் கேட்டே ஏங்குகின்றனர்.

ஐக்கிய அமெரிக்காவில் மூன்று இடங்களிலும் சுமை குறைவு. அங்கு நடுவண் அரசின் பெற்றோல் வரி 1993 முதல் கலன் ஒன்றுக்கு 18.4 சதமாகவே நிற்கின்றது. ஆயின், பெருநகரங்கள் சில நீங்கலாக, காரின்றி வேலைக்கோ கடைக்கோ செல்லவியலாத வண்ணம் அந்நாட்டின் ஊர்கள் பரந்து கிடக்கின்றன. வண்டி மலிவாகக் கிடைப்பினும் வண்டியின்றி வாழும் உரிமை அங்கு அரிதாகியது. வரியின்மையே விடுதலை என்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

இனி, வாசலிலேயே பெருஞ்சுமையை ஏற்றும் நாடுகள் உள்ளன. டென்மார்க்கில் கார்ப் பதிவு வரி நெடுங்காலம் 180 வீதம்வரை இருந்து, பின்னர் உயர்படியில் 150 வீதமாகக் குறைக்கப்பட்டது. சிங்கப்பூர் இதனிலும் ஒருபடி மேலே சென்றது. 1990 மே மாதம் முதல் அங்கு கார் வாங்க விரும்புவோர், பத்து ஆண்டுகளுக்கு வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழை ஏலத்திற் பெறல் வேண்டும். 2023 ஒக்டோபரிலே சிறிய கார் ஒன்றுக்கான சான்றிதழே 106,000 சிங்கப்பூர் டொலரையும், பெரிய காருக்கானது 150,000 டொலரையும் தொட்டது. இது வண்டியின் விலையன்று; வண்டி வைத்திருப்பதற்கான அனுமதியின் விலை. அதன்மேலும் சுங்கத் தீர்வையும், விலைக்கேற்பப் படிப்படியாக ஏறும் மேலதிகப் பதிவுக் கட்டணமும் உண்டு.

இலங்கைத் திறைசேரியின் சார்பில் வாதிடுவோர் சிங்கப்பூரைச் சான்று காட்டுதல் வழக்கம். அச்சான்று அவர்க்கே எதிராய்த் திரும்புவது. 1987 இல் நகரப் புகையிரதம் ஓடத் தொடங்கிய பின்னரே, 1990 இன் சான்றிதழ் முறை அங்கு வந்தது. இன்று அச்சிறு தீவிலே அப்பாதை இருநூறு கிலோமீற்றரைத் தாண்டி நிற்கின்றது. காரைக் கைவிடுவோர்க்கு அங்கு வேறு வழி உண்டு. அவ்வழி குறித்த நேரத்துக்கு வருகின்றது. அந்த அரசு குடிமகனிடம் “கார் வாங்காதே” என்கின்றது. கூடவே “இதோ, இதில் ஏறு” என்றும் சொல்கின்றது. இலங்கை அரசு முதற் கூற்றை மட்டும் இரவல் வாங்கியுள்ளது. புத்தூரில் மாலை மங்கியபின் பேருந்துக்காகக் காத்து நிற்போர்க்கு இரண்டாவது கூற்றை எவரும் சொல்வதில்லை.

வரியின் நோக்கம் தெளிவாயிருப்பின் அதன் பயனும் தெளிவாகும் என்பதற்கு நோர்வே தக்க சான்று. அந்நாடு மின்சாரக் கார்களைக் கொள்வனவு வரியிலிருந்தும் பெறுமதி சேர் வரியிலிருந்தும் நெடுங்காலம் விலக்கி, எண்ணெயில் ஓடுவனவற்றின்மீது சுமையை ஏற்றியது. அதன் விளைவாக, 2024 இல் அங்கு விற்பனையான புதிய கார்களிற் பத்தில் ஒன்பதுக்கு அண்மையானவை மின்சாரக் கார்களாயின. அங்கு வரி ஒரு திசையைக் காட்டிற்று. மக்கள் அத்திசையிற் சென்றனர். இலங்கையின் வாகன வரியோ எத்திசையையும் காட்டவில்லை. பணம் வேண்டியபோது அது உயர்ந்தது. தேர்தல் நெருங்கியபோது தாழ்ந்தது.

யப்பானின் வழி இவற்றினின்றும் வேறானது. யாழ்ப்பாண வீதிகளோடு அது நேரடித் தொடர்புடையது. அங்கு வண்டி வாங்குதல் எளிது. பழைய வண்டியை வைத்திருத்தலே அரிது. புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும் அதன்பின் இரண்டு ஆண்டுக்கொருமுறையும் செலவுமிக்க கட்டாயப் பரிசோதனை நிகழ்கின்றது. பதின்மூன்று ஆண்டு கடந்த பெற்றோல் வண்டிக்கு ஆண்டுவரியும் உயர்கின்றது. ஆதலின் யப்பானியர் நல்ல நிலையிலுள்ள வண்டிகளையே விரைவிற் கைவிடுகின்றனர். 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் இலங்கைக்கு அலையலையாய் வந்த ‘ரீகண்டிஷன்’ வண்டிகளுக்கு இதுவே ஊற்று. வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்ற முதுமொழி இங்கு மெய்யாகின்றது. யப்பானின் சட்டத்தால் மதிப்பிழந்து கப்பலேறிய வண்டி, இலங்கைத் துறைமுகத்தில் இறங்கியவுடன் இலங்கையின் சட்டத்தால் செல்வமாய் மாறுகின்றது. இரும்பு ஒன்றே, விலையை ஆக்கியது வரியே.

வாசலில் மட்டும் வரியைக் குவித்தலால் விளையும் கேடு யாதென்பதை யாழ்ப்பாணம் பிற எவ்விடத்தையும்விட நன்கறியும். 1960 களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாய்க் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு முன் வந்திறங்கிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 உம் யாழ்ப்பாணத்து வாடகைக் கார்களாய்ப் பல தலைமுறைகளைச் சுமந்தன. மரச்சட்டமிட்ட தட்டிவான்கள் சந்தைக்குச் செல்வோரையும் அவர்தம் கடகங்களையும் ஒருங்கே ஏற்றிச் சென்றன. இவற்றை உயிரோடு வைத்திருந்த ஊர்த் திருத்துநர்களின் கைத்திறன் போற்றத்தக்கது. ஆயின், கைத்திறனைப் போற்றுவோர் அதன் காரணத்தை மறத்தலாகாது. புதியது வாங்கவியலாமையே பழையதைச் சாகவிடாது காத்தது. பழைய இயந்திரம் மிகுதியாய் எண்ணெய் குடிக்கும்; மிகுதியாய்ப் புகை கக்கும்; தடுப்பு தளர்ந்தபின் உயிரையும் குடிக்கும். வாசலில் வாங்காத விலையை வீதியில் வாங்கும்.

1990 இற்குப் பின் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் பெற்றோலும் டீசலும் அற்றுப்போயின. அவ்வாண்டுகளிலே மோட்டார் சைக்கிள்களும் கார்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. துவிச்சக்கர வண்டியே குடும்பத்தின் வாகனமாகவும் நோயாளரின் வாகனமாகவும் சந்தையின் சுமையூர்தியாகவும் விளங்கியது. போக்குவரவு அறுந்தால் வாழ்வு எவ்வளவு சுருங்கும் என்பதைப் புத்தூரவர்க்கு எந்தப் பொருளியல் நூலும் கற்பிக்கத் தேவையில்லை. அவ்வனுபவம் உடைய மக்களை நோக்கி “வாகனம் ஆடம்பரம்” என்று கூறுதல் அறியாமை. அறிந்தே கூறின் கொடுமை.

அண்மைக் கால நிகழ்ச்சிகள் இவ்வாதத்தை மேலும் வலியுறுத்துவன. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்பிரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தவியலாதென அறிவித்தது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். இவ்வைந்தாண்டுக் காலத்திலே முன்னரே வாகனம் வைத்திருந்தோரின் சொத்து, அவர் ஒரு விரலையும் அசையாதிருக்கப் பெருகியது; வாகனம் இல்லாதோர்க்கு அது மேலும் எட்டாக் கனியாயிற்று. ஓட ஓட மதிப்பிழக்க வேண்டிய இயந்திரம் நிலத்தையும் நகையையும் போன்று சேமிப்பாகவும் சீதனமாகவும் மாறிய விந்தை இதன் விளைவே. இல்லாதவரிடமிருந்து இருப்பவருக்குச் செல்வத்தை மாற்றிய இச்செயலை எந்தப் பாராளுமன்றமும் விவாதித்து நிறைவேற்றியதன்று.

2025 இல் வாயில் திறந்தபோது வந்த வரியின் அமைப்பையும் நோக்குதல் வேண்டும். சுங்க இறக்குமதித் தீர்வை 20 வீதம். அத்தீர்வையின்மீது மேலும் அரைப்பங்கு மேலதிக வரி. ஆக 30 வீதம். அதனோடு இயந்திரத்தின் கொள்ளளவையோ மின்வலுவையோ அடிப்படையாகக் கொண்ட உற்பத்தி வரி. குறித்த பெறுமதியைத் தாண்டினாற் சொகுசு வரி. தீர்வையையும் மேலதிக வரியையும் உற்பத்தி வரியையும் உள்ளடக்கிய தொகையின்மேல், 2024 சனவரியில் 15 இலிருந்து 18 வீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரி. எளிய கணக்கொன்று இதனை விளக்கும். 100 ரூபாய்க்குத் துறைமுகம் வந்த வண்டிக்கு உற்பத்தி வரி 200 ரூபாயாக அமைந்ததெனக் கொள்க. தீர்வையோடு கூட்டத் தொகை 330 ஆகும். அதன்மேல் 18 வீதத்தைச் சேர்க்க 390 இனை நெருங்கும். இங்ஙனம் வரிக்கும் வரி விதிக்கப்படுகின்றது.

சுமை இதனோடு முடிவதில்லை. புத்தூரிலோ அச்சுவேலியிலோ பட்டா வாகனமொன்றை வாங்கித் தொழில் தொடங்கும் இளைஞன் அதனைக் கைப்பணத்துக்கு வாங்குவதில்லை. லீசிங் நிறுவனத்திடம் கடன்பட்டே வாங்குகின்றான். சரக்கேற்றும் வாகனத்துக்கு வரிவீதம் காரிலும் குறைவாயினும், விலையிலே வரியாய் உள்ள பங்கிற்கும் அவன் மாதந்தோறும் வட்டி செலுத்துகின்றான். காப்புறுதிக் கட்டணமும் வண்டியின் பெருத்த விலையையே அளவாகக் கொள்கின்றது. உதிரிப்பாகங்களும் வரி செலுத்தியே வருகின்றன. ஆகவே வாசலில் ஒருமுறை விதிக்கப்பட்டதாய்த் தோன்றும் வரி, ஆண்டுகள் பலவாக ஓட்டச் செலவினுள் ஒளிந்து தொடர்கின்றது. அவ்விளைஞன் அதனை வாடகையிற் சேர்க்கின்றான். கமக்காரன் அதனை வெங்காயத்தின் விலையிற் சேர்க்க முயல்கின்றான். சந்தை அதனை ஏற்க மறுக்கின்றது. முடிவிலே அவ்வரியைச் செலுத்துபவன் வாழ்நாளில் ஒரு காரையும் வாங்காத கமக்காரனே. ஆடம்பர வரி என்பதன் மெய்யான முகவரி இதுவாகும்.

எரிபொருளின் கதையும் இதனையொத்ததே. 2021 யூனில் லீற்றருக்கு 157 ரூபாயாயிருந்த 92 ஒக்ரேன் பெற்றோல் 2022 யூன் இறுதியில் 470 ரூபாயாயிற்று; ஓராண்டில் மும்மடங்கு. 2022 இன் பிற்பகுதியிலிருந்து 2023 செப்டெம்பர்வரை எரிபொருள் பங்கீட்டு முறை நிலவியது. அதன் தொடக்கத்திலே மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் காருக்கு 20 லீற்றரும் வழங்கப்பட்டன. மோட்டார் சைக்கிளே குடும்ப வாகனமாயுள்ள ஊர்களில் இப்பங்கீடு எவர்பக்கம் சாய்ந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. செம்மண் தோட்டங்களின் நீரிறைக்கும் இயந்திரங்களுக்கு உயிரான மண்ணெண்ணெயோ, 2022 ஓகத்தில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்தது. கிணற்றிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து சந்தைக்கும் செல்லும் வழி முழுவதும் விலையேற்றம் காவல் நின்றது.

இவ்விடத்தில் வரலாற்றின் ஒரு முரணைச் சுட்டுதல் பொருந்தும். 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டிருந்தமையால் வலிகாமத்தின் தோட்டங்கள் செழித்தன. 1977 இற்குப் பின் வாயில் திறக்க, யப்பானிய வண்டியும் வந்தது. அயல்நாட்டு வெங்காயமும் வந்தது. அதன்பின் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்குமான விசேட பண்ட அறவீடு வர்த்தமானி அறிவித்தல்களால் ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. கமக்காரன் விற்கும் பொருளின் விலையும், அதனை ஏற்றிச் செல்லும் வண்டியின் விலையும், நீரிறைக்கும் எண்ணெயின் விலையும் கொழும்பில் ஓரிரவில் அச்சாகும் தாள்களால் முடிவாகின்றன. பொது நிதியின்மீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியதென 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை கூறுகின்றது. முதலில் அறவிட்டுப் பின்னர் பாராளுமன்றத்தின் ஒப்புதலைப் பெறும் வழக்கம் அவ்வுறுப்புரையின் எழுத்தை மீறாதிருக்கலாம். அதன் உயிரைக் காக்கவில்லை.

இரண்டாவது வினா தப்புவோரைப் பற்றியது. பாராளுமன்ற உறுப்பினர்க்கும் உயர் அரச அலுவலர்க்கும் தீர்வையின்றியோ குறைந்த தீர்வையோடோ வாகனம் இறக்குமதி செய்யும் அனுமதிப்பத்திரங்கள் பல்லாண்டுகளாக வழங்கப்பட்டு வந்தன. அப்பத்திரங்கள் சில கைமாறி விற்கப்பட்டமை நாடறிந்த விடயம். வரி எவ்வளவுக்கு உயர்ந்ததோ அவ்வளவுக்கு அப்பத்திரத்தின் சந்தைப் பெறுமதியும் உயர்ந்தது. வரியை விதிக்கும் அதிகாரம் உடையோரே அதன் உயர்வால் இலாபம் அடையும் அமைப்பு எவ்வகை நீதிக்கும் ஒவ்வாதது. 2024 இல் ஆட்சிக்கு வந்த அரசு பாராளுமன்ற உறுப்பினர்க்கு இனி அவை வழங்கப்படா என அறிவித்தமை வரவேற்கத்தக்கது. ஆயின் அறிவிப்பு ஆட்சியோடு வந்து ஆட்சியோடு போவது. சட்டமாக்கப்படாத நன்மைக்கு ஆயுள் குறைவு.

இவ்வாதத்துக்கு எதிராக இரு மறுப்புகள் எழுப்பப்படலாம். அந்நியச் செலாவணியைக் காக்க வேறு வழியில்லை என்பது ஒன்று. 2022 இன் வீழ்ச்சியைக் கண்ட எவரும் இதனைப் புறந்தள்ளார். எனினும், செலாவணியைக் காக்கவே வரி எனின், அதிக டொலரை விழுங்கும் வண்டிக்கே அதிக வரி அமைதல் வேண்டும். இயந்திரக் கொள்ளளவை அளவுகோலாய்க் கொண்ட முறையிலோ, ஒரே எரிபொருளில் இயங்கும் ஒரே கொள்ளளவுடைய மலிவான வண்டியும் விலையுயர்ந்த வண்டியும் ஒரே உற்பத்தி வரியைச் செலுத்துகின்றன. குறைந்த டொலரில் வந்த வண்டி, தன் பெறுமதியோடு ஒப்பிடுமிடத்து, கூடிய தண்டனை பெறுகின்றது. அயலிலுள்ள தமிழ்நாட்டில் வண்டியின் வாழ்நாள் வரி அதன் விலைக்கேற்பப் படிப்படியாய் ஏறுகின்றது. இந்தியா முழுவதிலும் 2025 செப்டெம்பரிலே சிறிய கார்களுக்கான பொருள் சேவை வரி 28 இலிருந்து 18 வீதமாகக் குறைக்கப்பட்டு, பெரியனவற்றுக்கு 40 வீதமாக வகுக்கப்பட்டது. அங்கும் குறைகள் பலவெனினும், சிறியதற்கும் பெரியதற்கும் வேறுபாடு காணும் எண்ணமாவது உண்டு.

கார் பெருகினாற் புகையும் நெரிசலும் பெருகும் என்பது இரண்டாவது மறுப்பு. இதுவும் மெய்யே. யாழ்ப்பாணத்தின் ஒடுங்கிய வீதிகள் கொழும்பின் நெரிசலைத் தாங்கா. ஆயின் புகையையும் நெரிசலையும் உண்டாக்குவது வண்டியின் ஓட்டம். கிழமைக்கொருமுறை கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் ஓடும் வண்டியும், நாள் முழுதும் நகரைச் சுற்றும் வண்டியும் வாசலில் ஒரே வரியைச் செலுத்துமாயின், அவ்வரி புகையைக் குறைப்பதாகக் கூறுதல் பொருந்தாது. அது பழைய வண்டியை வீதியில் நிலைக்கச் செய்து புகையைப் பெருக்குவதே உண்மை.

ஆகவே செய்யத்தக்கன சில உள. வாசல் வரியை வண்டியின் விலைக்கும் அது செய்யும் கேட்டிற்கும் ஏற்ப வகுத்து, அதன் ஒரு பகுதியைப் பயன்பாட்டின்மீது மாற்றுதல் முதலாவது. சரக்கேற்றும் சிறு வாகனம், பாடசாலை வான், நோயாளர் வண்டி, உழவு இயந்திரம் ஆகிய உழைக்கும் வாகனங்களைத் தனி வகுப்பாக்கி, அவற்றின்மீதான வரியை வருவாய் நோக்கிலன்றி உற்பத்தி நோக்கில் விதித்தல் இரண்டாவது. எப்பதவியினர்க்கும் தீர்வைச் சலுகை இல்லையெனச் சட்டமியற்றுதல் மூன்றாவது. வரிமாற்றங்கள் பாராளுமன்றத்தில் முன்கூட்டியே விவாதிக்கப்பட்டு, குறித்த காலத்துக்கு மாறாதிருத்தல் நான்காவது. இவையனைத்திலும் முதன்மையானது ஐந்தாவது: வாகனங்களிலிருந்து பெறும் வருவாயில் வரையறுத்த ஒரு பங்கு மாகாணங்களின் பொதுப் போக்குவரவுக்கெனச் சட்டத்தால் ஒதுக்கப்படல் வேண்டும். அப்பங்கு எவ்வூருக்கு எத்தனை பேருந்தாய் வந்தது என்பது ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்படவும் வேண்டும்.

வரியை முற்றாய் நீக்குக என்று கேட்போர் இதனால் மனநிறைவு அடையார். அவர்க்குச் சொல்லத்தக்கது ஒன்றே. வரியற்ற வண்டி புத்தூரில் வசதியுள்ள சில வீடுகளின் முற்றத்தையே அலங்கரிக்கும். பேருந்தோ ஊர் முழுவதையும் ஏற்றிச் செல்லும். வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வீட்டுக்கும் வராத வீட்டுக்கும் இடையே ஏற்கெனவே விரிந்துள்ள பிளவை வரியின்மை மேலும் விரிக்கும். மகன் கனடாவிலிருந்து அனுப்பும் பணத்தில் வாடகை வாகனம் பிடித்து வைத்தியசாலை செல்லும் தாயும், அத்தகைய மகன் இல்லாத அயல்வீட்டுத் தாயும் ஒரே பேருந்தில், ஒரே நேரத்துக்கு, ஒரே கட்டணத்தில் அங்குச் சென்றடைய இயலுமாயின், அன்று அந்நாட்டின் வாகன வரி எவ்வளவு உயர்ந்திருப்பினும் அதனை எவரும் கொள்ளை எனக் கூறார்.

புத்தூர்ச் சந்தியைக் கடக்கும் ஒவ்வொரு வண்டியும், ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும், ஒவ்வொரு வெங்காய மூடையும் அரசுக்குத் தன் பங்கைச் செலுத்திவிட்டே செல்கின்றது. மக்கள் தம் கடனை முன்கூட்டியே செலுத்திவிட்டனர். அதற்கான பற்றுச்சீட்டாக அவர்கள் வேண்டுவது, இரவு எட்டு மணிக்கும் அச்சந்தியில் வந்து நிற்கும் ஒரு பேருந்தை. அதனைத் தராத வரையில், வாகனத்தை ஆடம்பரம் எனப் பெயரிட்டு வரி விதிக்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.